வால்வின் குரலைத் தேடும் டிரான்சிஸ்டர்

மைசூர் வீணைக்குப் பேர்போன ஊர். வீணை சேஷண்ணா (1852–1926) வாழ்ந்து வாசித்த இந்நகரில் பிழைப்பை நாடி வந்து தங்கிவிட்ட நம் தமிழ்க் குடும்பங்களில், ஒரு குழந்தை வீணை பயில்வதும் மற்றொரு குழந்தை கிதாரைத் தோளில் மாட்டிக்கொண்டு திரிவதும் இன்று சாதாரணக் காட்சி. வீணையை வாங்கிவிட்டால் பெருஞ்செலவு அத்துடன் முடிகின்றது. மின்சாரக் கிதாரின் வழி வேறு. தனியே விட்டால் அது ஏறக்குறைய ஊமை. கிதார் வந்த மறுமாதமே ஒலிபெருக்கி வேண்டும் என்னும் விண்ணப்பம் தந்தையார் முன் வைக்கப்படுகின்றது. அதுவும் வால்வு ஒலிபெருக்கியே வேண்டுமாம்! விலையைக் கேட்ட தந்தையார், மாதச் சம்பளத்தையும் வீட்டு வாடகையையும் மனத்திற்குள் கூட்டிக் கழித்துப் பார்த்து மௌனமாகிவிடுகின்றார்.

இத்தகைய வீடுகள் சிலவற்றை நாம் அறிவோம். பகலெல்லாம் ரயில்வே அலுவலகத்தில் பேரேடுகளைப் புரட்டிவிட்டு, மாலையில் சால்டரிங் அயர்னும் கையுமாக உட்காரும் பழக்கம் நமக்கு உண்டு. அதனைத் தெரிந்துகொண்ட பிள்ளைகள், "மாமா, டிரான்சிஸ்டரைக் கொண்டே வால்வின் ஒலியை வரவழைக்கலாமாமே, மெய்தானா?" என்று கேட்டு வருகின்றனர். மெய்தான். ஒன்பது வோல்ட் பாட்டரி ஒன்றினால் இயங்கும் அச்சுற்றினை உள்ளங்கை அகலப் பலகையில் அமைத்துவிடலாம். ஆனால், அமைத்த அன்றே அது பேசிவிடும் என்று எண்ணுதல் கூடாது. பேசாத சுற்றினைப் பேசவைக்கும் முறை தெரியாமையால், செய்த பொருளைப் பெட்டிக்குள் போட்டுவிட்டுக் கடையை நோக்கி ஓடியவர் பலர். அவர்கள் பொருட்டே இக்கட்டுரையை எழுதுகின்றோம்.

முதற்கண் ஓர் ஐயத்தை நீக்குவோம். ஒலிபெருக்கி என்றால் உள்ளதை உள்ளவாறே பெரிதாக்க வேண்டும் அன்றோ? கிதார்க்காரர்கள் கேட்பது அதுவன்று. அவர்கள் நாடுவது ஒலிபெருக்கியின் குறைபாட்டை. தம் ஆற்றலுக்கு மேல் உழைக்கும் வால்வு, ஒலியலையின் முகட்டை மெல்ல மழுக்குகின்றது. மழுங்கிய அலையிலிருந்து மூல ஒலியில் இல்லாத மேற்சுரங்கள் பல பிறக்கின்றன. பொறியியல் நூல்கள் இதனைச் சிதைவு என்று ஒதுக்கும். செவியோ செழுமை என்று வரவேற்கும். இது நமக்குப் புதிதன்று. தம்புராவின் குதிரையின்மேல் தந்திக்கடியில் ஜீவாளி என்னும் சிறு நூலைச் செருகுகின்றோமே, அதனாற்றான் ரீங்காரம் பிறக்கின்றது. அந்நூலை உருவிவிட்டால் தந்தியின் ஒலி தூய்மையாகத்தான் இருக்கும். ஆனால் அதனைப் பாடகர் எவரும் தம்புரா என்று ஏற்கமாட்டார். கிதாரின் ஜீவாளி அதன் ஒலிபெருக்கியில் இருக்கின்றது என்று கொள்க.

இக்குறைபாட்டைப் புகழ்பெறச் செய்த கருவிகளின் தொடக்கம் எளிய கடைகளில் நிகழ்ந்தது. லியோ ஃபெண்டர் 1938-இல் கலிபோர்னியாவின் புல்லர்ட்டன் நகரில் வானொலி பழுதுபார்க்கும் கடை வைத்தவர். பின்னர் அவர் செய்த பேஸ்மேன் என்னும் ஒலிபெருக்கியை முன்மாதிரியாகக் கொண்டே, இலண்டனில் மேளக் கடை நடத்திய ஜிம் மார்ஷல் 1962-இல் தம் முதல் ஒலிபெருக்கியைச் செய்வித்தார். கிங்க்ஸ் என்னும் குழுவின் டேவ் டேவிஸ், 1964-இல் சவர அலகினால் ஒலிபெருக்கியின் காகிதக் கூம்பையே கீறிவிட்டு அந்தக் கரகரப்பைப் பதிவு செய்தார். அம்முறையை நம் பிள்ளைகள் பின்பற்ற வேண்டா!

வால்வுக்கு முந்நூறு வோல்ட் அளவில் மின்னழுத்தம் வேண்டும், கனமான டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும், சூடும் மிகுதி. 1947-ஆம் ஆண்டு டிசம்பரில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் பிறந்த டிரான்சிஸ்டர் இவ்வளவையும் வேண்டாவாக்கியது. ஆனால், சாதாரண டிரான்சிஸ்டரை அளவுக்கு மேல் உழைக்கவைத்தால் அது அலையின் முகட்டை மழுக்குவதில்லை. கத்தியால் நறுக்கியதுபோல் வெட்டிவிடுகின்றது. அவ்வொலி காதைக் குத்தும். ஆதலின் வால்வுபோல் நடிக்கும் டிரான்சிஸ்டர்ச் சுற்றுக்களைப் பலர் தேடலாயினர். பாஸ்டன் குழுவின் கிதார்க் கலைஞரும் பொறியியல் வல்லுநருமான டாம் ஷோல்ஸ் 1982-இல் ராக்மேன் என்னும் சிறு கருவியை வெளியிட்டார். ஆண்ட்ரூ பார்ட்டா என்பவரின் சான்சாம்ப் 1989-இல் வந்தது. வீட்டிலே செய்து பார்ப்போர்க்கு இவற்றினும் எளிய வழி ஒன்றுண்டு. ஜேஃபெட் என்னும் வகை டிரான்சிஸ்டரை, பழைய ஒலிபெருக்கியின் வரைபடத்தில் ஒவ்வொரு வால்வும் இருந்த இடத்திலே வைத்துவிடுவதுதான் அவ்வழி.

ஜேஃபெட்டுக்குக் கால்கள் மூன்று. சோர்ஸ், டிரெயின், கேட் என்பன அவற்றின் பெயர்கள். கண்ணம்பாடி அணையின் மதகை நினைத்துக்கொண்டால் இதன் தொழில் விளங்கும். மதகைச் சிறிது அசைத்தால் கால்வாயில் ஓடும் பெருநீர் கூடுகின்றது, குறைகின்றது. கிதாரிலிருந்து வரும் நுண்ணிய மின்னழுத்தம் கேட் என்னும் மதகை அசைக்க, டிரெயினிலிருந்து சோர்ஸுக்கு ஓடும் மின்னோட்டம் அதற்கேற்ப அசைகின்றது. வால்வின் நடத்தையும் ஏறத்தாழ இதுவே. அதனாற்றான் ஒன்றினிடத்தில் மற்றொன்றை வைக்க முடிகின்றது.

மின்னியல் படியாத நம்மவர்க்கு இது கைவருமா என்று தயங்குவோர்க்கு, மைசூரிலே நடந்த ஒன்றைச் சொல்லலாம். மகாராஜா கல்லூரியில் உளவியல் பேராசிரியராக இருந்த டாக்டர் எம். வி. கோபாலசுவாமி, 1935-இல் தம் இல்லத்திலிருந்தே வானொலி ஒலிபரப்பைத் தொடங்கினார். ஆகாசவாணி என்னும் பெயர் வழங்கிய நிலையம் அதுதான். உளவியல் படித்தவர் வீட்டிலிருந்து ஒரு நகரத்திற்கே ஒலிபரப்பியிருக்க, ஒரு கிதாருக்கு ஒலிகூட்ட நம்மால் இயலாதா என்ன?

இனிச் சுற்றினுள் நுழைவோம். ஒரு நிலைக்கு வேண்டுவன சிலவே. கேட்டிலிருந்து தரைக்கு 1 மெகா ஓம் மின்தடை. சோர்ஸிலிருந்து தரைக்கு ஒன்று அல்லது இரண்டு கிலோ ஓம். டிரெயினிலிருந்து ஒன்பது வோல்ட்டுக்கு 100 கிலோ ஓம் பிரீசெட், அஃதாவது திருப்புளியால் திருகக்கூடிய சிறு மின்தடை. ஒரு நிலையிலிருந்து அடுத்ததற்கு ஒலியை மட்டும் கடத்தி நேர்மின்னோட்டத்தைத் தடுக்க 22 நானோ ஃபாரட் கண்டென்சர். இத்தகைய நிலைகள் மூன்றைத் தொடராக வைத்து, இடையே ஒலியளவுக் குமிழையும், கனத்த சுரம் மெல்லிய சுரம் ஆகியவற்றைக் கூட்டிக் குறைக்கும் குமிழ்களையும் சேர்த்தால் சுற்று முடிந்தது. பாட்டரி நுழையுமிடத்தில் 100 மைக்ரோ ஃபாரட் கண்டென்சர் ஒன்றும், முனைகளை மாற்றி இணைத்தாலும் கேடு நேராதபடி டயோடு ஒன்றும் தவறாமல் இடம்பெற வேண்டும்.

இதில் உயிர்நிலை அந்தப் பிரீசெட்தான். அதனைத் திருகி, டிரெயினில் நாலரை வோல்ட் அளவு நிற்குமாறு வைக்க வேண்டும். ஒன்பதில் பாதி, அலை மேலே எழும்பவும் கீழே இறங்கவும் சமமான இடம் கிடைக்கும். செவிக்கு ஐந்து வோல்ட் இனிமையாகத் தோன்றினால் ஏட்டைப் பாராது செவிக்கே இணங்கலாம். ஆனால் ஒரு டிரான்சிஸ்டருக்கு ஏற்ற திருகல் மற்றொன்றுக்குப் பொருந்தாது. ஒரே பெயர், ஒரே பெட்டி, ஒரே நாளில் வாங்கியவை. எனினும் ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதம். இணையத்தில் கிடைத்த படத்தைப் பார்த்து, அதில் கண்ட அளவுகளை மாறாது வைத்துவிட்டு, "படம் பிழை" என்று வைவோர் பலர் இவ்விடத்திலேதான் வழுக்கி விழுகின்றனர்.

அப்படங்களில் பெரும்பாலும் குறிக்கப்பெறும் டிரான்சிஸ்டர் ஜே 201. நீண்ட கால்களையுடைய அதன் பழைய வடிவத்தைப் பெருநிறுவனங்கள் கைவிட்டுவிட்டன. பலகையின் மேற்பரப்பில் ஒட்டும் எறும்பளவு வடிவம் கிடைக்கின்றது. அதனைச் சிறு துணைப்பலகையில் பற்றவைத்துப் பயன்படுத்தலாம். பழைய வடிவமே வேண்டும் என்று தேடுவோர்க்குப் போலிச் சரக்கு வந்து சேர்வதுண்டு. வேறொரு டிரான்சிஸ்டரின் பெயரை அழித்துவிட்டு ஜே 201 என்று அச்சிட்டு விற்பவர் இருக்கின்றனர். நம் தெருப் பிள்ளை ஒருவன், செலவுக்குக் கொடுத்த காசை மூன்று மாதம் சேர்த்துத் தபாலில் வரவழைத்தவை அத்தனையும் இவ்வகையே.

போலியை அறியும் வழி எளிது. கேட்டையும் சோர்ஸையும் சேர்த்துப் பாட்டரியின் எதிர்முனையோடு இணைக்க. நேர்முனையை, மில்லி ஆம்பியர் அளவில் வைத்த மல்டிமீட்டர் வழியாக டிரெயினுக்கு இணைக்க. உண்மையான ஜே 201 எனில் 0.2-க்கும் 1 மில்லி ஆம்பியருக்கும் இடையே காட்டும். ஐந்து, ஆறு என்று காட்டினால் மேலே எழுதியிருக்கும் பெயரை நம்பற்க.

இவ்விடத்தில் நம் நாட்டுச் சரக்கு ஒன்றனைப் பற்றியும் சொல்ல வேண்டும். பெங்களூரில் 1954-இல் நிறுவப்பெற்ற பாரத் எலெக்ட்ரானிக்ஸ், 1961-இல் வானொலி வால்வுகளையும் 1962-இல் ஜெர்மானியம் டிரான்சிஸ்டர்களையும் செய்யத் தொடங்கியது. அந்நிறுவனத்தின் முத்திரையோடு வந்த பி.எஃப்.டபிள்யூ. 10, பி.எஃப்.டபிள்யூ. 11 என்னும் ஜேஃபெட்டுகள் நம் பொறியியல் கல்லூரிச் சோதனைக்கூடங்களில் தலைமுறை தலைமுறையாகப் பழகியவை. உலோகத் தொப்பியும் நான்கு கால்களும் உடையவை. நான்காவது கால் தொப்பியோடு சேர்ந்தது, அதனைத் தரையோடு இணைக்க வேண்டும். "இதுவும் ஜேஃபெட், அதுவும் ஜேஃபெட், இதனையே வைத்தால் என்ன?" என்று பிள்ளைகள் கேட்கின்றனர்.

வைத்துப் பார்த்தால் டிரெயினில் மின்னழுத்தம் பூச்சியத்தை ஒட்டியே நிற்கும். பிரீசெட்டின் கடைசி நுனிவரை திருகினாலன்றி அது அசையாது; அசைந்தாலும் ஒலி பெருகாது. காரணம் கணக்கிலே இருக்கின்றது. ஜே 201-இன் மதகை முற்றும் அடைக்க 0.3-இலிருந்து 1.5 வோல்ட் போதும், பி.எஃப்.டபிள்யூ. 10-க்கு 8 வோல்ட் வரையிலும் தேவைப்படலாம். முன்னது முழுதும் திறந்த நிலையில் 1 மில்லி ஆம்பியருக்கு மேல் விடுவதில்லை. பின்னது 8 முதல் 20 வரை விடும். ஒன்பது வோல்ட் பாட்டரியில் எட்டு வோல்ட்டைத் தானே கேட்கும் ஒன்றுக்கு, ஒலியலை ஆடுவதற்கு இடம் எங்கே மிஞ்சும்? சரக்கில் குற்றமில்லை. வேறொரு வேலையில் அது சிறப்பாகவே உழைக்கின்றது. அதனைப் பின்னே காண்போம்.

சுற்று முடிந்தது, பாட்டரியும் இணைத்தாயிற்று, ஒலி இல்லை. என்ன செய்வது? பிள்ளைகள் உடனே டிரான்சிஸ்டரைப் பிடுங்கி மாற்றத் தொடங்குகின்றனர். இது வேண்டாத வேலை. சூடு பட்டுப் பட்டுப் பலகையின் செம்புப் பட்டை உரிந்துவிடும். ரயில்வேயில் ஒரு பார்சல் காணாமற் போனால் அனுப்பிய நிலையத்தையும் சேர வேண்டிய நிலையத்தையும் மட்டும் கேட்டுவிட்டு இருந்துவிடுவதில்லை. வழியிலுள்ள ஒவ்வொரு நிலையத்துப் பதிவேட்டையும் பார்க்கின்றோம். எந்நிலையத்தில் வந்த பதிவு இருந்து சென்ற பதிவு இல்லையோ, அங்கே நிற்கின்றது பார்சல். சுற்றிலும் இவ்வாறே தேட வேண்டும்.

முதற்பதிவு மின்னழுத்தம். மல்டிமீட்டரின் கறுப்பு முனையைத் தரையில் வைத்துக்கொண்டு, சிவப்பு முனையால் ஒவ்வொரு டிரெயினையும் தொட்டுப் பார்க்க. முழு ஒன்பது வோல்ட்டும் காட்டினால் அந்த டிரான்சிஸ்டரின் வழியே மின்னோட்டம் ஓடவில்லை. சோர்ஸ் தரையைத் தொடவில்லை, அல்லது கால்கள் இடம் மாறியுள்ளன என்று பொருள். பூச்சியம் காட்டினால் பிரீசெட்டின் வழி மின்சாரம் வரவில்லை, அல்லது சற்றுமுன் சொன்னவாறு பொருந்தாத டிரான்சிஸ்டர் அமர்ந்திருக்கின்றது. வெரோ போர்டில் செய்தவர்கள், செம்புப் பட்டையை வெட்ட வேண்டிய இடங்களையெல்லாம் வெட்டியிருக்கின்றோமா என்று வெளிச்சத்தில் உயர்த்திப் பார்க்க வேண்டும். மயிரிழை ஈயம் ஒன்று இரு பட்டைகளை இணைத்துக்கொண்டு கிடப்பதை நாம் எத்தனையோ முறை கண்டிருக்கின்றோம்.

மின்னழுத்தம் சரியாக இருந்தும் ஒலி இல்லையெனில், ஒலியையே பின்தொடர வேண்டும். வீட்டிலுள்ள ஏதேனும் ஒரு சிறு ஒலிபெருக்கியின் உள்ளீட்டுக் கம்பியின் முனையில் 0.1 மைக்ரோ ஃபாரட் கண்டென்சர் ஒன்றனைப் பற்றவைத்துக்கொள்க. அக்கம்பியின் தரை இழையைச் சுற்றின் தரையோடு இணைக்க. ஒருவர் கிதாரை மீட்டிக்கொண்டிருக்க, மற்றொருவர் அம்முனையால் முதல் கேட், முதல் டிரெயின், அடுத்த கேட் என்று வரிசையாகத் தொட்டுக்கொண்டே வரவேண்டும். எங்கே ஒலி அறுகின்றதோ அதற்கு முந்திய உறுப்பே குற்றவாளி. அண்ணன் தம்பி இருவர் சேர்ந்து செய்தால் கால் மணி நேரத்தில் முடியும்.

இம்முறை ஒன்பது வோல்ட் சுற்றுக்கு மட்டுமே உரியது. வால்வு ஒலிபெருக்கிக்குள் இவ்வாறு கைவிடலாகாது. மின்சாரத்தை நிறுத்திய பின்னரும் அதன் கண்டென்சர்களில் நூற்றுக்கணக்கான வோல்ட் தங்கியிருக்கும். அது உயிரைக் குடிக்கும்.

ஊளையிடும் ஒலி எழுந்தால், உள்ளே வரும் கம்பியும் வெளியே செல்லும் கம்பியும் ஒன்றோடொன்று நெருங்கியுள்ளன என்று கொள்க. அவற்றை விலக்கி, உள்ளே வருவதற்கு உறையிட்ட கம்பியைப் பயன்படுத்துக. ஓயாத இரைச்சல் இருந்தால், அடாப்டரை எடுத்துவிட்டுப் பாட்டரியை வைத்துப் பார்க்க. இரைச்சல் மறைந்தால் குற்றம் சுற்றினதன்று, அடாப்டரினது. கிதார்க் கருவிகளுக்கான அடாப்டரில் பெரும்பாலும் நடுமுனை எதிர்மின் முனை; மற்றப் பொருள்களுக்கு வருவனவற்றிலோ பெரும்பாலும் நடுமுனை நேர்மின் முனை. மாற்றிச் செருகும் நாளிலேதான் முன்னர்ச் சொன்ன டயோடின் அருமை தெரியும்.

இன்னொன்று. எல்லாம் சரியாகி, சுற்றினை நேரே ஹைஃபை பெட்டியிலோ சபாவின் மிக்ஸரிலோ செருகினால், ஒலி தேனீக் கூட்டத்தைக் கலைத்ததுபோல் இரைகின்றது என்று சிலர் கூறுவர். கிதாருக்கென்றே அமைந்த பன்னிரண்டு அங்குல ஒலிபெருக்கிக் கூம்பு, 5,000 அதிர்வுகளுக்கு மேற்பட்ட கூரிய ஒலிகளைத் தானே விழுங்கிவிடும். ஹைஃபை பெட்டி அவற்றையும் ஒப்பிக்கும். ஆதலின் கடைசியில், கூரிய ஒலியை வடிக்கும் வடிகட்டி ஒன்று, மின்தடையும் கண்டென்சரும் சேர்ந்தது, இன்றியமையாதது. படத்தில் இதனை வேண்டுமானால் சேர்க்க என்று போட்டிருப்பார்கள். வேண்டும் என்றே கொள்க.

பெற்றோர்கள் ஊன்றிப் படிக்க வேண்டிய பகுதி இனி வருவது. சுற்று ஒன்பது வோல்ட்தான். ஆனால் அது போய்ச் சேரும் பெரிய ஒலிபெருக்கி வீட்டு மின்சாரத்தில் ஓடுகின்றது. கிதாரின் தந்திகள் கம்பியின் உறை வழியாக அந்த ஒலிபெருக்கியின் உலோக உடலோடு இணைந்தவை. அதில் கசிவு இருந்து, எர்த் இணைப்பும் இல்லையெனில், மின்சாரம் வாசிப்பவர் விரல்களுக்கே வரும். ஸ்டோன் தி க்ரோஸ் குழுவின் லெஸ் ஹார்வி, 1972-ஆம் ஆண்டு மே 3-ஆம் நாள் வேல்ஸ் நாட்டின் ஸ்வான்சீ நகரில், எர்த் இல்லாத மைக்கைத் தொட்டு மேடையிலேயே மாண்டார். யார்ட்பேர்ட்ஸ் குழுவின் பாடகராயிருந்த கீத் ரெல்ஃப், 1976-இல் தம் வீட்டில் கிதார் வாசிக்கும்பொழுது மின்சாரம் தாக்கி இறந்தார்.

நம்மில் பெரும்பாலோர் வாடகை வீட்டில் இருக்கின்றோம். சுவரில் மூன்று துளை இருக்கும். மூன்றாவது துளைக்குப் பின்னால் கம்பியே இராது. வீட்டுக்காரரிடம் கேட்கக் கூசாமல், எலெக்ட்ரீஷியனை அழைத்து எர்த்தைச் சோதிக்கச் சொல்ல வேண்டும். கசிவைக் கண்டவுடன் மின்சாரத்தைத் துண்டிக்கும் சாதனமும் பொருத்தியிருந்தால் மிக நன்று. பிளக்கின் பெரிய முனையை ஒடித்துவிட்டு இரண்டு துளையில் செருகும் வழக்கத்தைப் பிள்ளைகளிடம் கண்டால் அன்றே கண்டிக்க.

பி.எஃப்.டபிள்யூ. 10-க்கு வேறு வேலை உண்டு என்றோமே, அது வீணைக்குரியது. வீணையில் ஒட்டும் கான்டாக்ட் மைக்கை நேரே மிக்ஸரில் செருகினால் கீழ்ச்சுரங்கள் மெலிந்து தகர ஒலி கேட்கின்றது என்று பலர் குறைப்படுகின்றனர். மைக்கின் குற்றமன்று. அந்த வில்லைக்குப் பல லட்சம் ஓம் கொண்ட உள்ளீடு வேண்டும். மிக்ஸரோ சில ஆயிரம் ஓம்தான் தருகின்றது. இடையிலே ஒரு ஜேஃபெட்டை வைத்தால் போதும். ஒலியைப் பெருக்க வேண்டியதில்லை. தாங்கிக் கடத்தினால் போதும் என்பதால், ஒன்பது வோல்ட்டில் கிதாருக்கு உதவாத நம் பி.எஃப்.டபிள்யூ. இதற்கு நன்கு பொருந்துகின்றது. டிரெயினை நேரே ஒன்பது வோல்ட்டில் இணைக்க. கேட்டிலிருந்து தரைக்கு 4.7 மெகா ஓம். சோர்ஸிலிருந்து தரைக்கு 4.7 கிலோ ஓம். மைக் 0.1 மைக்ரோ ஃபாரட் வழியாகக் கேட்டுக்கு வரட்டும். ஒலியைச் சோர்ஸிலிருந்து 10 மைக்ரோ ஃபாரட் வழியாக எடுக்க. சோர்ஸில் ஒன்றரை வோல்ட்டுக்கும் ஆறு வோல்ட்டுக்கும் இடையே ஏதேனும் காட்டினால் சுற்று நலம். இதில் திருகுவதற்குப் பிரீசெட்டும் இல்லை. ஆதலின், புதிதாகப் பழகும் பிள்ளை வீட்டில் வீணை இருக்குமாயின் இதனை முதலில் செய்து கைபழகிவிட்டுப் பின்னர்க் கிதார்ச் சுற்றுக்குச் செல்லுதல் நன்று என்பது நம் கருத்து.

இச்சிறு சுற்று ஏறத்தாழ ஒரு மில்லி ஆம்பியர் அளவே உண்பதால் பாட்டரி சில நூறு மணி நேரம் உழைக்கும். உள்ளீட்டுக்கு ஸ்டீரியோ ஜாக்கை வாங்கி, பாட்டரியின் எதிர்முனைக் கம்பியை அதன் நடு வளையத்தோடு இணைத்துவிட்டால், மைக்கின் மோனோ முனையைச் செருகும்பொழுது மட்டுமே மின்சாரம் ஓடும். தனியே சுவிட்ச் வேண்டா. ஆனால் வாசித்து முடிந்தும் பிடுங்காமல் விட்டுவிட்டால், இரண்டு மூன்று வாரத்தில் பாட்டரி தீர்ந்து, நவராத்திரிக் கொலுவன்று விருந்தினர் முன்னிலையில் வீணை மெலிந்து நிற்கும். பிடுங்கி வைக்குமாறு குழந்தைகளுக்கு இப்பொழுதே சொல்லி வைக்க.